வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லாத எதிரியை எவ்வளவு காலம் மறித்து வைக்கலாம்?

கேள்வி: பரமேஸ்வராச் சந்தி

வணக்கம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 374 ஆம் பிரிவிலிருந்து வாற அத்தியாயம் சித்தசுவாதீனம் இல்லாத எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றியது. வாசிச்சால் படிமுறை எங்கே தொடங்குது எண்டு விளங்குது. எங்கே முடியுது எண்டுதான் விளங்கேல்லை.

ஓர் உதாரணம் வைச்சுக் கேக்கிறன். சுன்னாகம் பக்கம் ஒரு சைக்கிள் களவு, வழக்கு மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில. தண்டனைச் சட்டக்கோவை 367 ஆம் பிரிவுப்படி களவுக்கு உச்சம் 3 வருட மறியல் (சிறை). பிடிபட்டவர் தன்ர சட்டத்தரணியைப் பொலிஸ் அனுப்பின ஆள் எண்டு நம்புறார். நீதவான் இருமினால் அது தனக்குச் சொல்லுற சேதி எண்டு நினைக்கிறார். நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்குது. பிணை எடுக்க ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போறார், விளக்கமறியலுக்கு (தீர்ப்புக்கு முதல் வைக்கிற சிறைக்காவல்) திரும்பி வாறார், மறுபடியும் போறார். குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால் கிடைச்சிருக்கக்கூடிய 3 வருடமும் கடந்து போச்சு. ஆள் இன்னும் உள்ளதான்.

இதுக்குச் சட்டத்தில உச்ச வரம்பு ஏதும் இருக்கோ? தேற மாட்டாத எதிரியை முடிவில்லாமல் மறிச்சு வைக்கேலாது எண்ட அமெரிக்காவின் ஜாக்சன் எதிர் இண்டியானா தீர்ப்பை எங்கட நீதிமன்றத்தில எடுத்துச் சொல்லலாமோ? வைத்திய அறிக்கையில என்ன இருக்கோணும்? நடைமுறை தெரிஞ்சவை ஒருக்கா விளக்கமாச் சொல்லுங்கோ.


பதில்: முற்றவெளி

நல்ல கேள்வி. இந்த அத்தியாயத்தைச் சட்டப் பரீட்சைக்குக்கூடப் பலர் ஊன்றிப் படிப்பதில்லை.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வையுங்கோ. இவை ஒன்றோடொன்று குழம்பும்போதுதான் ஆட்கள் உள்ளே அகப்பட்டுப் போகிறார்கள். செயலைச் செய்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒன்று. அது தண்டனைச் சட்டக்கோவை 77 ஆம் பிரிவு, ஒரு எதிர்வாதம். இன்றைக்கு, வழக்கு விளங்கும், அதாவது விசாரிக்கப்படும், இந்த நேரத்தில், தனக்காக எதிர்வாதம் செய்ய அவரால் முடியுமா என்பது இன்னொன்று. 374 ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். அவருக்குச் சிகிச்சை தேவையா, வெளியே விட்டால் ஆபத்தா என்பது மூன்றாவது. அதற்கு 1873 இல் வந்த கட்டளைச் சட்டத்திலிருந்து இன்றும் நடைமுறையில் உள்ள மனநோய்கள் கட்டளைச் சட்டமும் மாவட்ட நீதிமன்றமும் இருக்கின்றன. ஒருவர் 77 ஆம் பிரிவுக்குள் வராமலே இன்று வழக்கை எதிர்கொள்ள இயலாதவராக இருக்கலாம். களவு நடந்த அன்று தெளிவாக இருந்து, மறியலுக்குள் போனபின் நோய் முற்றியிருக்கலாம். மறுவளமாகவும் நடக்கும்.

படிமுறை இப்படி. எதிரி எதிர்வாதம் செய்ய இயலாதவர் என்று நினைக்கக் காரணம் இருந்தால், நீதவான் குற்றச்சாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்த மனநிலையைத்தான் விசாரிக்க வேண்டும். எதிரியின் சட்டத்தரணி சொல்லலாம், பொலிஸ் சொல்லலாம், ஒருவரும் சொல்லாவிட்டாலும் நீதவான் தானே கவனித்து எடுக்கலாம். வைத்திய அதிகாரியைக் கொண்டு பரிசோதிப்பித்து, அந்த வைத்தியரைச் சாட்சியாக அழைத்து, சாட்சியத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றை வழக்கேட்டில் செருகிவிட்டு வழக்கை நிறுத்தினால் அது இந்த விசாரணை ஆகாது. வைத்தியரைக் கூண்டில் ஏற்றி இரண்டு கேள்வி கேட்கும் உரிமை எதிரியின் சட்டத்தரணிக்கு உண்டு. அதைக் கைவிடாதேங்கோ. பின்னால் மீளாய்வுக்குப் போக வேண்டி வந்தால் மேல் நீதிமன்றம் தேடுவது அந்தப் பதிவைத்தான். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வு, அதாவது எழுத்துமூலக் குற்றச்சாட்டு, வாசிக்கும் கட்டத்தில் இந்தச் சந்தேகம் எழுந்தாலும் அதே ஒழுங்கு: மனநிலைதான் முதலில்.

இயலாதவர் என்று நீதிமன்றம் கண்டால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். பிணை வழங்கக்கூடிய வழக்கென்றால் போதிய பிணையில் விடலாம். ஆனால் இது சாதாரணப் பிணை இல்லை. அவரைச் சரியாகப் பராமரிப்போம், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்ப்போம், கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவோம் என்று பிணையாளி பொறுப்பேற்க வேண்டும். அப்படி விட முடியாவிட்டால் பாதுகாப்பான காவல், அமைச்சருக்கு அறிக்கை, அமைச்சரின் கட்டளைப்படி ஆஸ்பத்திரியோ வேறு தகுந்த இடமோ.

நீங்கள் கேட்ட வரம்பு அந்த அத்தியாயத்தில் இல்லை. எதிரி தேறினால் வழக்கைத் தொடரலாம் என்று இருக்கிறதே தவிர, தேறாவிட்டால் இத்தனை மாதத்தில் விட வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

இதில் நடைமுறையில் பிழைக்கும் இடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்கமறியல் கைதிக்கு 14 நாளுக்கு ஒருமுறை தவணை (வழக்கு அழைக்கப்படும் நாள்) வரும். அவருடைய பெயரை யாரோ ஒருவர் வாசிப்பார். வழக்கு நிறுத்தப்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபின் தவணை போடாமல் விட்டால் அந்தப் பெயர் வாசிக்கப்படாது. ஆஸ்பத்திரி நீதிமன்றத்தின் கட்டளைக்குக் காத்திருக்கும், நீதிமன்றம் ஆஸ்பத்திரியின் அறிக்கைக்குக் காத்திருக்கும், சிறைச்சாலை இரண்டுக்கும் காத்திருக்கும். இந்தியாவில் அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951 இல் பிடிபட்டு மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். 1967 இலேயே வைத்தியர்கள் தேறிவிட்டார் என்று எழுதினார்கள். அவர் வெளியே வந்தது 2005 இல். 54 வருடம், ஒரு விசாரணையும் இல்லாமல். அவரை உள்ளே வைத்தது கடுமையான சட்டம் எதுவுமில்லை, அழைக்கப்படாத வழக்கேடு.

ஆகவே வழக்கை நிறுத்தும் அதே கட்டளையில் அடுத்த தவணைத் தேதியும், அந்தத் தேதிக்கு முதல் அறிக்கை வர வேண்டும் என்ற பணிப்பும் இருக்கும்படி சட்டத்தரணி அந்த இடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.


பதில்: வேம்படி நிழல்

முற்றவெளி அண்ணை சட்டப் பக்கத்தைச் சொல்லிப்போட்டார். நான் வைத்திய அறிக்கையைப் பற்றிச் சொல்லுறன்.

"இவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது, மருந்து எடுக்கிறார்" எண்டு மட்டும் எழுதின றிப்போட் நீதிமன்றத்துக்கு ஒரு பதிலும் சொல்லாது. நோய் இருந்தும் வழக்கை விளங்கிக் கொள்ளுற ஆட்கள் நிறையப் பேர். குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் தான் என்ன வழக்கில நிக்கிறன், ஆர் தன்ர சட்டத்தரணி எண்டு தெளிவாச் சொல்லுவினம். அதால நீதிமன்றம் அனுப்புற கடிதத்திலயே கேள்வியைச் சரியாக் கேக்க வேணும். இவர் மேல என்ன குற்றச்சாட்டு எண்டு தன்ர சொல்லில சொல்லுறாரோ? நீதவான், வழக்குத் தொடுக்கிறவர், தன்ர சட்டத்தரணி எண்ட மூண்டு பேரின்ர வேலையையும் பிரிச்சு அறியிறாரோ? குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும், மறுத்தால் என்ன நடக்கும் எண்டு விளங்குதோ? சாட்சி பொய் சொன்னால் அதைப் பிடிச்சுச் சட்டத்தரணிக்குச் சொல்லுவாரோ? ஒரு மணித்தியாலம் இருந்து கவனிக்க ஏலுமோ? கடைசியா, இப்ப ஏலாதெண்டால் சிகிச்சையால மாறக்கூடிய நிலையோ, எத்தினை கிழமைக்குப் பிறகு திரும்பப் பாக்க வேணும்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டிட்டால் நீங்கள் பயப்படுற முடிவில்லாத காத்திருப்பு அங்கேயே தொடங்கிவிடும்.

பரிசோதனை எப்ப நடக்குது எண்டதும் முக்கியம். நாளும் பொழுதும் கள்ளோ கசிப்போ குடிச்ச ஒருவர் பிடிபட்டு உள்ள போனால், கடைசியாக் குடிச்சு இரண்டு மூண்டு நாளில நடுக்கமும் உளறலும் இல்லாததெல்லாம் தெரியிறதும் வரலாம். இது உயிராபத்தான உடல் நிலை. உடனே வாட்டில விட்டு தயமின் ஊசியும் மற்றச் சிகிச்சையும் குடுக்க வேணும். அந்த நேரம் பார்த்து "சித்தசுவாதீனம் இல்லை" எண்டு எழுதினால் 10 நாளுக்குப் பிறகு அது பிழையாப் போகும். தலையில அடி, தைரொயிட், வலிப்பு, மனநோய்க்குக் குடுக்கிற லித்தியம் மருந்து இரத்தத்தில கூடினது எண்டு உடம்பால வாற குழப்பங்களும் இப்படித்தான். இரத்தப் பரிசோதனை இல்லாத மனநிலை அறிக்கையை அரைகுறை அறிக்கை எண்டுதான் எடுக்க வேணும்.

பாஷை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயோ தெல்லிப்பழையிலயோ பார்த்தால் தமிழிலயே கதைக்கலாம். அங்கொடையில இருக்கிற தேசிய மனநல நிறுவனத்துக்கு அனுப்பினால் ஆள் இங்கயிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளிப் போறார். வீட்டுக்காரர் ஒருக்காப் போய்வர இரண்டு நாள் வேலை போகும். அங்க ஆர் தமிழில கதைச்சது எண்டு அறிக்கையில எழுதப்பட வேணும். "எனக்குச் செய்வினை செய்து போட்டினம்" எண்டு ஒருவர் சொன்னால் அது எங்கட சனம் சாதாரணமாச் சொல்லுற நம்பிக்கையோ, இல்லை நோயால வந்த மாறாத எண்ணமோ எண்டு பிரிக்க ஊர் வழக்குத் தெரிய வேணும். வீட்டு ஆக்களும் அப்படித்தான் நம்புகினமோ, சொல்லுறவர் அதை எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு போறார், தன்னைப் பாதுகாக்க என்ன செய்யிறார் எண்டு கேட்டால் வித்தியாசம் தெரியும். மொழிபெயர்ப்பில இது நல்லா அடிபட்டுப் போகும்.

இன்னொரு பெரிய ஓட்டை ஆஸ்பத்திரிக்கும் மறியலுக்கும் நடுவில இருக்கு. குளோசபின் எண்ட மனச்சிதைவு மருந்தை எடுக்கிறவர் 48 மணித்தியாலத்துக்கு மேல குளிசையை விட்டால் பழைய அளவில திரும்பத் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமில இருந்து படிப்படியாத்தான் ஏத்த வேணும். முதல் 18 கிழமையும் கிழமைக்கு ஒருக்கா வெண்குருதிக் கல எண்ணிக்கை பார்க்க வேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வாட்டிலயிருந்து வெட்டி மறியலுக்கு அனுப்பி, திங்கட்கிழமைதான் மருந்துச் சீட்டு எடுபடுதெண்டால் எல்லாம் முதல்ல இருந்து. தவணைத் தேதி வரும்போது ஆள் திரும்பவும் குழம்பி நிப்பார், "தேறவில்லை" எண்டு இன்னொரு அறிக்கை போகும். இது நோயின்ர பிழை இல்லை, மருந்து கைமாறின பிழை. இயலுமான ஆட்களுக்கு 2 முதல் 4 கிழமைக்கு ஒருக்காப் போடுற, மெதுவா வேலை செய்யிற புளூபெனசின் எண்ட மனநோய் ஊசி இந்த இடைவெளியை அடைக்க உதவும். தவணைக்கு முதல்நாள் தூக்க மருந்தின்ர அளவை வைத்தியரிட்டக் கேட்டுப் பாக்கவும் வேணும். கூண்டில நித்திரை தூங்கிக்கொண்டு நிக்கிறவர் வழக்கை விளங்குறார் எண்டு எப்படிச் சொல்லுறது?

மருந்தால மாறாத நிலைகளும் இருக்கு. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைஞ்சவர், முற்றிய மறதி நோய்க்காரர், சைகை மொழியும் படிக்காத பிறவிச் செவிடர். இவையை 6 மாதம் வாட்டில வைச்சாலும் அதே ஆள்தான். செவிப்புலன் இல்லாதவரைப் பாக்கும்போது கைதடி நுபீல்ட் பாடசாலை போல சைகை மொழி தெரிஞ்ச இடத்தில இருந்து ஓர் ஆசிரியரைக் கூப்பிட்டு, அவரூடாகக் கேள்வி கேட்ட பிறகுதான் முடிவு எழுத வேணும். பாஷை இல்லாததையும் புத்தி இல்லாததையும் ஒண்டாக்கிப் போடக் கூடாது.


பதில்: ஸ்காபரோ வாசி

வேம்படி நிழல் கடைசியாச் சொன்ன ஆள்தான் ஜாக்சன் வழக்கின்ர ஆள். தியோன் ஜாக்சன், 27 வயது, பிறவியிலேயே கேட்கவும் பேசவும் ஏலாதவர், அறிவு வளர்ச்சி பள்ளிக்கூடம் போகாத சின்னப்பிள்ளையின்ர அளவு. 1968 இல இரண்டு கொள்ளைக் குற்றச்சாட்டு. ஒன்றில 4 டொலர் பெறுமதி, மற்றதில 5 டொலர். இரண்டையும் கூட்டினால் 9 டொலர். அவர் தேறுறதுக்கு வாய்ப்பு மிகக் குறைவு எண்டு வைத்தியர்கள் சொல்லிச்சினம். இண்டியானா மாநிலத்தில அவரைப் போல ஒருவருக்குப் பேச்சுத் தொடர்பு படிப்பிக்கக்கூடிய வசதியும் இல்லை. இருந்தும் "தேறும் வரைக்கும்" எண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சினம். தேறவே மாட்டாத ஆளைத் தேறும் வரைக்கும் வைச்சிருக்கிறது ஆயுள் தண்டனை எண்டு அவற்ற சட்டத்தரணி வாதாடினார்.

1972 இல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதா அவர் பக்கம் தீர்த்தது. நீதியரசர் பிளாக்மன் எழுதின தீர்ப்பு. சாரம் இதுதான்: வழக்கை எதிர்கொள்ள இயலாதவர் எண்ட ஒரே காரணத்துக்காக மறித்து வைச்சிருந்தால், கிட்டின எதிர்காலத்தில அவர் தேறுவாரோ எண்டு அறிய நியாயமாத் தேவைப்படுற காலத்துக்கு மேல வைக்கக் கூடாது. தேற மாட்டார் எண்டு தெரிஞ்சால் இரண்டில ஒண்டு. சாதாரண ஒரு குடிமகனை மனநோய்க்காக ஆஸ்பத்திரியில வைக்க என்ன வழக்கு நடத்த வேணுமோ அதை நடத்து, இல்லாட்டி விடு. தேறுவார் எண்டால்கூட, அவர் உண்மையிலேயே முன்னேறிக்கொண்டிருக்கிறார் எண்டு காட்ட வேணும். காவலின்ர தன்மையும் நீளமும் அந்தக் காவலின்ர நோக்கத்தோட பொருந்தி நிக்க வேணும். அது சட்டத்தின் முறையான ஒழுங்கு எண்ட உரிமையின்ர வழி. சம பாதுகாப்பு எண்ட வழியாலயும் அதே முடிவுக்கு வந்திச்சினம்: தலைக்கு மேல ஒரு குற்றச்சாட்டு இருக்கெண்டதுக்காக ஒருவரை லேசாப் பிடிச்சு வைக்கவும் கஷ்டப்பட்டு விடவும் ஏலாது.

தீர்ப்பு மாதக் கணக்குச் சொல்லேல்லை. அதை ஒரு குறை எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டால் ஒவ்வொரு மாநிலமும் தன்பாட்டுக்கு ஒரு அளவு வைச்சுது. கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான சட்டத்தில முதல் கட்டம் 4 மாதத்துக்கு மேற்படாத நியாயமான காலம். பிறகும் வைச்சிருக்க வேணுமெண்டால் ஆபத்தான ஆள் எண்டு தெளிவான, நம்பத்தக்க சான்றால நிரூபிக்க வேணும்.

யார் இயலாதவர் எண்ட அளவுகோல் 1960 டஸ்கி தீர்ப்பில இருக்கு. சட்டத்தரணியோட ஓரளவு நியாயமான விளக்கத்தோட கலந்து பேச இப்ப ஏலுமோ, நடக்கிற வழக்கை அறிவாலயும் பகுத்தறிவாலயும் விளங்குறாரோ. இங்கிலாந்தில இதுக்கு அடி 1836 பிரிட்சட் வழக்கு. வழக்கு நடத்திறதுக்காக ஒருவருக்கு விருப்பமில்லாமல் மருந்து ஏத்தலாமோ எண்டதுக்கு 2003 செல் வழக்கு: அரசுக்கு முக்கியமான தேவை இருக்க வேணும், மருந்து அவரை வழக்குக்குத் தகுதியாக்கக்கூடியதா இருக்க வேணும், அதைவிட மென்மையான வழி இருக்கக் கூடாது, மருத்துவ ரீதியா அவருக்கும் பொருத்தமா இருக்க வேணும். நாலும் சேர்ந்தால்தான்.

கனடாவில நாங்கள் படிக்க வேண்டியது 2004 டெமர்ஸ் தீர்ப்பு. எதிரி அறிவு வளர்ச்சி குறைஞ்சவர், ஒருக்காலும் தகுதி வராது, ஆபத்தான ஆளும் இல்லை. அவரைப் போல ஆக்கள் வெளியேற வாசலே வைக்காத சட்டம் சாசனத்துக்கு மாறானது எண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் சட்டத்தை மாத்தி, இப்படியானவரின்ர வழக்கை நிரந்தரமா நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் குடுத்தவை. அதோட இங்க இரண்டு பூட்டு இருக்கு. மீளாய்வுச் சபை குறைஞ்சது 12 மாதத்துக்கு ஒருக்கா ஆளைப் பாக்க வேணும். வழக்குத் தொடுத்தவர் 2 வருடத்துக்கு ஒருக்கா நீதிமன்றத்துக்கு வந்து வழக்கில முதல்நோக்கில சான்று இன்னும் இருக்கெண்டு காட்ட வேணும். காட்ட ஏலாட்டி விடுதலை. சைக்கிள் களவுச் சாட்சி 5 வருடத்தில எங்க இருப்பார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இந்த இரண்டாவது பூட்டின்ர அருமை அதில விளங்கும்.


பதில்: கச்சாய் வீதி

இவ்வளவு சிக்கல் ஏன்? 77 ஆம் பிரிவைச் சொல்லி, அந்த நேரம் புத்தி சரியில்லை எண்டு நிரூபிச்சால் விடுதலை தானே. உடன வீட்டை வரலாம்.


பதில்: முற்றவெளி

இல்லை, தம்பி. இரண்டு இடத்தில் பிழைக்கும்.

77 ஆம் பிரிவை எடுக்க வழக்கு விளங்க வேண்டும். அதற்கு ஆள் முதலில் தகுதியாக இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த வழக்கில் எதிர்வாதத்துக்கு இடமில்லை. தேறி வந்து அந்த வாதத்தை எடுத்தாலும் சான்றுக் கட்டளைச் சட்டம் 105 ஆம் பிரிவுப்படி நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில். நோய் இருந்தது என்று காட்டினால் போதாது. செயலின் தன்மையையோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறு என்பதையோ அறிய முடியாத அளவுக்கு இருந்தது என்று காட்ட வேண்டும். சைக்கிளை இரவில் எடுத்து, நிறம் மாற்றி, சாவகச்சேரியில் விற்றிருந்தால் அந்த வாதம் நிற்குமா?

வென்றாலும் உடனே வீடு இல்லை. அந்தக் காரணத்தால் விடுதலை செய்யும்போது அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பில் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தார் என்று கண்டால் பாதுகாப்பான காவல், அமைச்சருக்கு அறிக்கை. அந்தக் காவலுக்கும் மாதக் கணக்கு இல்லை. 3 வருடத் தண்டனை உள்ள ஒரு களவுக்கு இந்த வழியை எடுப்பதற்கு முன் கட்சிக்காரரின் குடும்பத்துக்கு இதை விளக்கிச் சொல்லாத சட்டத்தரணி தன் கடமையைச் செய்யவில்லை.

சிறு குற்றங்களுக்கு 306 ஆம் பிரிவு இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமானாலும் எதிரியின் உடல்நிலை, மனநிலை, குற்றத்தின் சிறுமை என்பவற்றைப் பார்த்துத் தண்டிக்காமல் விட நீதவானுக்கு அது இடம் தருகிறது. ஆனால் அதற்கும் வழக்கு விளங்கி முடிய வேண்டும். ஆள் தேறி வந்த அன்றைக்குத்தான் அது கைகொடுக்கும். அப்போது அதைக் கேட்க மறவாதேங்கோ.

இனி ஜாக்சனை இங்கே எடுப்பது பற்றி. எங்கள் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டாக மட்டும் வைக்கலாம். அதை முன்னால் வைக்காமல் எங்கள் அரசியலமைப்பை முன்னால் வையுங்கோ. 13 ஆம் உறுப்புரை: சட்டம் வகுத்த நடைமுறைப்படி நீதிபதியின் கட்டளை இல்லாமல் ஒருவரைத் தடுத்து வைக்க முடியாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமான விசாரணையில் கேட்கப்படும் உரிமை உண்டு. 12 ஆம் உறுப்புரை: சமத்துவம். குற்றச்சாட்டு இல்லாத ஒரு நோயாளியை வைத்திருக்க மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும் என்றால், நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு உள்ள நோயாளிக்கு மட்டும் ஏன் அந்தப் பாதுகாப்பு இல்லை? ஜாக்சன் தீர்ப்பின் சம பாதுகாப்பு வாதம் அப்படியே பொருந்தும் இடம் இது. இலங்கை 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை ஏற்றது. அதன் 14 ஆம் உறுப்புரையையும் துணைக்கு எடுக்கலாம்.

1997 இன் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. தீர்ப்பில்லாமல் 12 மாதத்துக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது என்பது பொது விதி. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம், அதுவும் மொத்தம் 12 மாதத்துக்கு மேல் போகாது. நிறுத்தி வைத்த வழக்கில் உள்ள பாதுகாப்புக் காவலுக்கும் இது பொருந்தும் என்று வாதிடலாம். மறுதரப்பு இது விளக்கமறியல் இல்லை என்று சொல்லும். அதற்கு வழக்கேட்டிலிருந்தே பதில் சொல்லுங்கோ: எத்தனை நாள் ஆஸ்பத்திரி வாட்டில், எத்தனை நாள் மறியலில் என்று தேதி தேதியாக எண்ணி எழுதுங்கோ. மறியலில் கழிந்த நாட்களே அதிகம் என்றால் அந்த எண்ணிக்கையே வாதம்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதிலும் தடுக்கி விழ இடமுண்டு. நீதவானின் கட்டளையை மாற்ற வேண்டுமென்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு. சட்டவிரோதத் தடுப்பு என்று ஆட்கொணர்வு மனு போடுவதென்றால், ஆள் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம். அங்கொடைக்கு அனுப்பியபின் அவர் இந்த மாகாணத்துக்குள் இல்லை, ஆகவே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போங்கோ. அடிப்படை உரிமை மனு உச்ச நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். அது நிர்வாகச் செயலுக்கு எதிரானது, நீதிபதியின் கட்டளைக்கு எதிராகச் செல்லாது. ஆகவே அறிக்கை அனுப்பாத, தேறிய ஆளைக் கொண்டுவராத அதிகாரிகளின் செயலின்மையைத்தான் குறிவைக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.


கேள்வி கேட்டவர்: பரமேஸ்வராச் சந்தி

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு விசயம். பிணை எடுக்க ஆள் இல்லாததுதான் இந்த உதாரணத்தில முதல் தடை. அதுக்கு என்ன வழி? மேல் நீதிமன்றம் போகாமல், மல்லாகத்திலயே ஒரு நகர்த்தல் பத்திரம் (வழக்கை அழைக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குக் குடுக்கிற விண்ணப்பம்) போடுறதெண்டால் அதில என்ன கேக்கிறது?


பதில்: வேம்படி நிழல்

பிணையாளிக்குப் பயம் காசு இல்லை. "ராத்திரி குழப்பம் வந்தால் நான் என்ன செய்யிறது" எண்டதுதான். அதுக்குப் பதில் கையில இருந்தால் தாய்தகப்பன் இல்லாட்டியும் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ முன்வருவினம். கிளினிக் கொப்பி, அடுத்த கிளினிக் திகதி, ஊசி போடுற நாள், வீட்டுக்கு வந்து பாக்கப்போற உளநல உத்தியோகத்தர் ஆர், குழப்பம் வந்தால் எந்த வாட்டுக்குக் கொண்டு போறது. இவ்வளவையும் ஒரு தாளில எழுதி, உளமருத்துவ நிபுணரின்ர கையெழுத்தோட நீதிமன்றத்தில குடுங்கோ. பராமரிப்பு எண்டு சட்டம் கேக்கிறதுக்கு அதுதான் உருவம். கிராம அலுவலரின்ர வதிவிட உறுதிப்படுத்தலை முதலே எடுத்து வையுங்கோ, தவணை நாளில ஓடித்திரிய ஏலாது.


பதில்: முற்றவெளி

அந்தத் தாளை நகர்த்தல் பத்திரத்தோடு இணையுங்கோ. பத்திரத்தில் முதல் பந்தியில் கைது செய்த தேதி, வழக்கு நிறுத்தப்பட்ட தேதி, இன்றுவரை கழிந்த நாள், குற்றத்தின் உச்சத் தண்டனை. நான்கு வரி போதும். பிறகு கேட்பவை: புதிய வைத்திய பரிசோதனை, வேம்படி நிழல் சொன்ன கேள்விகளைப் பெயர் சொல்லி, குறித்த தேதிக்கு முன் அறிக்கை. அந்தத் தேதியில் வைத்தியர் சாட்சியாக வருமாறு அழைப்பாணை. சிறைச்சாலை அத்தியட்சகர் எதிரியை நேரில் கொண்டுவரும்படி கட்டளை. எதிரியைப் பார்க்காமலே கட்டளை நீட்டப்படுவதை அது தடுக்கும். பராமரிப்பு நிபந்தனையுடன் பிணை. கிட்டடியில் தேற மாட்டார் என்று வைத்தியர் சொன்னால், வழக்கை மீளப் பெறுவது பற்றிச் சட்டமா அதிபரின் நிலைப்பாட்டை அறிவிக்கும்படி வழக்குத் தொடுநருக்குப் பணிப்பு. அதற்கு முதலே சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டும், பிரதி பத்திரத்தில் இருக்க வேண்டும். அவருக்குத் தொடர்ந்து ஆஸ்பத்திரி தேவை என்றால் அது மாவட்ட நீதிமன்றத்தில், வேறு எந்த நோயாளிக்கும் போல.

சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். எதிரியே வந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை, உறவினர் வழக்கு இலக்கத்தோடு போனால் போதும். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் நீதிமன்றப் பதிவாளரிடம் பெயரும் கைது செய்த பொலிஸ் நிலையமும் சொல்லி எடுக்கலாம்.